பிரைவேட் கைடு டூர்: கொடுக்குற காசுக்கு வொர்த்தா? ஹம்பியை வெச்சு ஒரு கணக்கு



வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூருல ரயில் ஏறினா, சனிக்கிழமை காலையில ஹொசபேட்டே. அங்கிருந்து சுமார் 13 கிலோமீட்டர் போனா ஹம்பி. ஐடியில வேலை பாக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் போற வீக்எண்ட் டிரிப் இது. விருபாட்சர் கோயில் பக்கம் போய் இறங்கினதும் ஒருத்தர் வருவார். "சார், கைடு வேணுமா? ஹாஃப் டே 2,000 ரூபாய்."

இந்த இடத்துல நம்மள்ல பாதி பேர் "யூடியூப்ல பாத்துக்கலாம்"னு நடந்துடுவோம். மீதி பேர் கூச்சப்பட்டு "சரி வாங்க"னு சொல்லிடுவோம். ரெண்டு பேருமே கணக்கு போடுறது இல்லை. வீடியோவுல இதைக் கொஞ்சம் வேகமா சொல்லிட்டேன். இங்கே நிதானமா, நம்பரோட பாத்துடலாம். இதுல வர்ற கைடு ரேட்டும் டிரிப் செலவும் உதாரணத்துக்குத்தான். நீங்க போறப்போ கேக்குற தொகையை அந்த இடத்துல போட்டுக்கோங்க.

1. முதல்ல பில்லைப் பிரிங்க

"பிரைவேட் டூர்"னு ஒரே தொகையா சொல்றப்போ, அதுக்குள்ள மூணு பொருள் இருக்கு:

- வண்டி (கார் அல்லது ஆட்டோ)
- கைடோட அறிவும் நேரமும்
- எந்த இடத்துக்கு எப்போ போகணும்ங்கிற திட்டம்

வண்டியை நீங்களே தனியா பேசிக்கலாம். திட்டத்தை ஒரு மணி நேரம் உக்காந்தா நீங்களே போட்டுடலாம். உங்களால வேற எங்கேயும் சுலபமா வாங்க முடியாதது நடுவுல இருக்கிறது மட்டும்தான். அதனால பேக்கேஜ் ரேட் சொன்னதும் கேக்க வேண்டிய முதல் கேள்வி: "வண்டி இல்லாம கைடுக்கு மட்டும் எவ்வளவு?" இதைக் கேட்டாதான் எதுக்குக் காசு கொடுக்குறோம்னு தெரியும்.

2. கைடு செலவு தலைக்கு இல்லை, குழுவுக்கு

சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் ஆளுக்கு ஆள் கூடும். பிரைவேட் கைடு அப்படி இல்லை. ஒருத்தர் போனாலும் 2,000, எட்டு பேர் போனாலும் பெரும்பாலும் அதே 2,000.

- 1 ஆள்: 2,000 ரூபாய்
- 2 பேர்: தலைக்கு 1,000
- 4 பேர்: தலைக்கு 500
- 8 பேர்: தலைக்கு 250

பஸ்ல கூட்டிட்டுப் போற குரூப் டூர்ல தலைக்கு ஒரு ரேட். அது எத்தனை பேர் போனாலும் குறையாது. ரெண்டையும் ஒப்பிட ஒரு சின்ன வகுத்தல் போதும். பிரைவேட் கட்டணத்தை குரூப் டூரோட தலைக்கட்டணத்தால வகுங்க. குரூப் டூர் தலைக்கு 500னா, 2,000 ÷ 500 = 4. நாலு பேர் இருந்தா ரெண்டும் ஒரே செலவு. அஞ்சாவது ஆள் வந்துட்டா பிரைவேட்தான் மலிவு. ஒண்ணு கவனிங்க, குரூப் டூர் ரேட்டுல வண்டியும் சேர்ந்திருந்தா, பிரைவேட் பக்கமும் வண்டிக் காசைச் சேர்த்துட்டு வகுக்கணும்.

3. மொத்த டிரிப்புல அது எத்தனை சதவீதம்?

2,000ங்கிற நம்பரைத் தனியா பாத்தா பெருசாத்தான் தெரியும். மொத்த செலவோட வெச்சுப் பாருங்க. ரயில், ரூம், சாப்பாடு, ஆட்டோ, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து தலைக்கு 5,500 ஆகுதுனு வெச்சுக்கலாம்.

நாலு பேர் போனா கைடுக்கு தலைக்கு 500. டிரிப் செலவுல சுமார் 9%. தனியா போனா 2,000, அதாவது சுமார் 36%. அதே கைடு, அதே ஊர், ஆனா முடிவு ஒண்ணா இருக்க முடியாது.

நான் வெச்சிருக்கிற அளவுகோல் இது:

- 10%க்குள்ள வந்தா: அதிகம் யோசிக்காம எடுக்கலாம்.
- 10 முதல் 20% வரை: அந்த ஊருக்கு கைடு நிஜமாவே தேவையானு பாத்து முடிவு பண்ணுங்க (அடுத்த பகுதி அதுக்குத்தான்).
- 20%க்கு மேல: கூட சேர ஆள் தேடுங்க, இல்லை மணி நேரத்தைக் குறைங்க.

தனியா போறவங்க தங்குற இடத்துல "நாளைக்கு கைடு எடுக்குறவங்க யாராவது இருக்காங்களா?"னு கேட்டாலே போதும். ரெண்டு பேர் சேர்ந்தா 36% பாதியா குறைஞ்சுடும்.

4. எந்த இடத்துக்கு கைடு வேணும், எதுக்கு வேண்டாம்?

சில இடம் கண்ணால பாத்தாலே போதும். சில இடத்துல சொல்றதுக்கு ஆள் இல்லேனா வெறும் கல்லுதான் தெரியும். ஹம்பியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு.

கைடு இல்லாமலே ரசிக்கக் கூடியவை: மதங்க மலையில சூரிய உதயம், துங்கபத்ராவுல பரிசல், யானை லாயம், விட்டலர் கோயில் கல் தேர். உங்க பர்ஸ்ல இருக்குற புது 50 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்க, அந்தத் தேர்தான்.

சொல்ல ஆள் இருந்தா மொத்தமா மாறிடுற இடங்கள்:

- விருபாட்சர் கோயில்ல ஒரு இருட்டான அறை. சின்ன துளை வழியா வர்ற வெளிச்சத்துல கோபுரத்தோட உருவம் சுவர்ல தலைகீழா விழும். கேமரா வேலை செய்யுற அதே விதி. யாராவது காட்டலேனா, அந்த அறையைக் கவனிக்காமலே தாண்டிப் போயிடுவோம்.
- ஹசார ராமர் கோயில் சுவர்ல ராமாயணம் வரிசையா செதுக்கியிருக்கு. எங்கே ஆரம்பிச்சு எந்தப் பக்கமா படிக்கணும்னு தெரிஞ்சா அது கதை, தெரியலேனா அலங்காரம்.
- மகாநவமி திப்பா, பாக்குறதுக்கு ஒரு உயரமான மேடை மட்டும்தான். கிருஷ்ணதேவராயர் காலத்துல, 1520 வாக்கில் வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பயஸ் இங்கே நடந்த நவராத்திரி விழாவை எழுதி வெச்சிருக்கார். மேடைச் சுவர்ல குதிரைகள், வேட்டை, நடனம்னு அந்தக் காலத்து வாழ்க்கையே இருக்கு.
- பக்கத்துல இருக்குற படிக்கட்டுக் குளத்தோட கற்கள்ல, எந்தக் கல் எந்த இடத்துல வரணும்னு குறி போட்டிருக்காங்க. குனிஞ்சு பாக்கச் சொல்ல ஒருத்தர் வேணும்.
- அரண்மனைப் பகுதியில இப்போ அடித்தளம்தான் மிச்சம். மேல இருந்த மரக் கட்டுமானம் எல்லாம் போயிடுச்சு. 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் இந்த நகரம் எப்படி அழிஞ்சதுனு தெரியாம நடந்தா, பத்து நிமிஷத்துல போரடிச்சுடும்.

ஆக, முழு நாள் கைடு தேவையில்லை. அரை நாள் போதும். அதுவும் முதல் நாள் காலையிலேயே எடுங்க. காலையில கேட்ட விஷயம் அடுத்த ஒன்றரை நாளும் நீங்க தனியா சுத்துறப்போ பயன்படும். கடைசி நாள் எடுத்தா, பாத்து முடிச்ச இடத்துக்கு விளக்கம் கேக்குற மாதிரி ஆயிடும். எஸ்ஐபியை சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்றோம்ல, அதே லாஜிக்தான்.

5. "என் ஒரு மணி நேர சம்பளம்" கணக்கு இங்கே சரிவராது

நிறைய பேர் சொல்ற கணக்கு இது: மாசம் 40,000 சம்பளம், 22 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம். ஒரு மணி நேரம் சுமார் 227 ரூபாய். கைடு 3 மணி நேரம் மிச்சம் பண்ணினா 681 ரூபாய் லாபம்.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. சனிக்கிழமை ஹம்பியில அந்த 3 மணி நேரத்தை மிச்சம் பண்ணினா யாரும் உங்களுக்கு 681 ரூபாய் தரப் போறதில்லை. அது விற்கக் கூடிய நேரமே இல்லை.

சரியான கணக்கு வேற. டிரிப்புக்கு 5,500 கொடுத்தாச்சு. ரெண்டு நாள்ல நாளுக்கு 7 மணி நேரம் சுத்திப் பாக்குறீங்கனா மொத்தம் 14 மணி நேரம். அப்போ ஒரு மணி நேரம் உங்களுக்கு சுமார் 393 ரூபாய்க்கு வந்திருக்கு. யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குற ஹம்பியோட பரப்பு 41 சதுர கிலோமீட்டருக்கும் மேல. வெயில்ல வழி தேடி, ஒரே பக்கம் ரெண்டு தடவை போய் 3 மணி நேரம் வீணாப் போனா, ஏற்கெனவே கொடுத்த காசுல கிட்டத்தட்ட 1,180 ரூபாய் போச்சு. அதைத் தடுக்க நாலு பேர்ல ஒருத்தரா 500 கொடுக்குறது நியாயம்தான். ஆனா நீங்க மேப் பாத்து நல்லா பிளான் பண்ற ஆளுன்னா இந்த லாபம் உங்களுக்குக் கிடையாது. அப்போ விளக்கத்துக்காக மட்டும் கைடு வேணுமானு முடிவு பண்ணுங்க.

6. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்களா?

இந்தப் பகுதியைக் கவனமா படிங்க. முதல் சம்பளம் வந்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல நம்மள்ல நிறைய பேர் செய்ய நினைக்குறது இதுதான். அவங்களுக்கு இது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற டிரிப் இல்லை, பல பேருக்கு வாழ்க்கையில ஒரே தடவைதான்.

இங்கே ரேட்டுக்கு முன்னாடி மொழியைக் கேளுங்க. நல்ல கைடுதான், ஆனா இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் மட்டும் பேசுவார்னா, அம்மாவுக்கு அது வெறும் சத்தம். யாருக்காகக் காசு கொடுக்குறீங்களோ அவங்களுக்கே பயன் இல்லை. நீங்க பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா மொழிபெயர்க்கணும். தமிழ் பேசுற கைடு கிடைப்பாரானு போறதுக்கு முன்னாடியே, தங்குற இடத்துல போன் பண்ணிக் கேட்டுடுங்க.

கிடைக்கலேனா அந்தக் காசை வண்டிக்குப் போடுங்க. முட்டி வலி இருக்குறவங்களுக்கு நாள் பூரா கூடவே நிக்குற கார், கைடை விட முக்கியம். முந்தின வாரம் நீங்க ரெண்டு மணி நேரம் படிச்சுட்டுப் போய் நீங்களே கதை சொல்லுங்க. கமலாபுரத்துல இருக்குற தொல்லியல் துறை மியூசியத்துல மொத்த ஹம்பியோட மாதிரி அமைப்பு ஒண்ணு வெச்சிருக்காங்க. முதல்ல அங்கே போனா எது எங்கே இருக்குனு புரிஞ்சுடும். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அதை மட்டும் பாத்துக்கோங்க. விட்டலர் கோயில்ல எடுக்குற நுழைவுச் சீட்டை அதே நாள்ல ஜெனானா வளாகத்துக்கும் மியூசியத்துக்கும் காட்டலாம், அதனால சீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

7. சரி சொல்றதுக்கு முன்னாடி 6 கேள்வி

1. சுற்றுலாத் துறை அங்கீகார அட்டை இருக்கா? காட்டச் சொல்லுங்க, தப்பில்லை.
2. சொன்ன ரேட் மொத்தமா, தலைக்கா?
3. எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம்?
4. நுழைவுக் கட்டணம், விட்டலர் கோயிலுக்குப் போற பேட்டரி வண்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்தா, தனியா?
5. கடைக்கு எங்கேயாவது கூட்டிட்டுப் போவீங்களா? "வேண்டாம்"னு முதல்லயே சொல்லிடுங்க. ரொம்பக் குறைஞ்ச ரேட் சொல்றவர் கடை கமிஷன்ல ஈடு கட்டலாம். ஒரு மணி நேரம் கடையில போனா, மேல போட்ட கணக்குப்படி தலைக்கு 393 ரூபாய் போச்சு.
6. பணம் எப்போ? முடிஞ்ச பிறகு தர்றதா பேசிக்கோங்க.

இன்னொரு அடையாளம்: விட்டலர் கோயில் இசைத் தூண்களைத் தட்டக் கூடாதுனு தடை இருக்கு. "நான் தட்டிக் காட்டுறேன் சார்"னு ஒருத்தர் சொன்னா, அவரை எடுக்காதீங்க.

பேரம் பேசுறப்போ ஒரு விஷயம். 2,000 சொன்னவரை 800க்கு இறக்கினா, அவர் அவசர அவசரமா முடிச்சுட்டு அடுத்த குழுவைத்தான் பாப்பார். கைடு வேலை சீசன் வேலை. வெயில் காலத்துல கூட்டம் குறைஞ்சா வருமானமும் குறையும். பட்ஜெட் இடிச்சா ரேட்டைக் குறைக்காதீங்க, நேரத்தைக் குறைங்க. "ரெண்டு மணி நேரம் மட்டும், அரண்மனைப் பகுதி மட்டும், எவ்வளவு?"னு கேளுங்க. ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்லை.

8. காசு எங்கிருந்து வரணும்?

கிரெடிட் கார்டு இஎம்ஐயில டூர் போகாதீங்க. மாசம் 600 ரூபாய் தனி ஆர்டியில போட்டா, வட்டி இல்லாமலே 10 மாசத்துல 6,000. மேல சொன்ன டிரிப், நாலு பேரோட பங்கு போட்ட கைடு, ரெண்டும் அதுக்குள்ள அடங்கிடும். எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சுருக்கமா சொல்லணும்னா

- நாலு பேர் ஃப்ரெண்ட்ஸ், முதல் தடவை ஹம்பி: முதல் நாள் காலை அரை நாள் கைடு எடுங்க. வொர்த்.
- தனியா: ஆள் சேருங்க, இல்லேனா ரெண்டு மணி நேரம் மட்டும்.
- அப்பா அம்மாவோட: தமிழ் பேசுற கைடு கிடைச்சா எடுங்க. இல்லேனா நல்ல வண்டி, கதை சொல்ல நீங்க.
- பரிசல், மலை, ஃபோட்டோ மட்டும் போதும்னா: கைடு வேண்டாம். அந்தக் காசை ஆர்டியிலேயே விட்டுடுங்க.

அடுத்த டிரிப் எந்த ஊரா இருந்தாலும் ரெண்டு வரி எழுதிப் பாருங்க: கைடு செலவு என் மொத்த செலவுல எத்தனை சதவீதம்? அந்த இடம் தானா புரியுமா, சொல்ல ஆள் வேணுமா? ரெண்டுக்கும் பதில் கையில இருந்தா, வாசல்ல கைடு வந்து கேக்குறப்போ தயங்காம பதில் சொல்லிடலாம்.

கூட டிரிப் வர்ற நண்பர்களுக்கும் இதை அனுப்பி வைங்க. கைடு செலவைப் பங்கு போட அவங்கதானே வரணும்! அடுத்த பதிவுல சந்திக்கலாம்.