பின்கொல்லை பத்து சென்ட்: சில குறிப்புகள்

புதுக்கோட்டைப் பக்கம், செம்மண் பூமி. வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம், அதாவது 4,356 சதுர அடி. ஒன்பது வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-இல் புத்தகம் எழுதிப் பரப்பிய 'பெர்மாகல்ச்சர்' பற்றி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: எதை நடலாம் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே நடலாம் என்று கேட்டுவிட வேண்டும். இடம் சரியாக அமைந்தால் பாதி வேலை மிச்சம்.

1. முதல் மழைக்கு நர்சரிக்கு ஓடாமல், குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டித் தீர்க்கும். கொட்டும்போதே தண்ணீர் எந்தப் பக்கம் நுழைகிறது, எப்படி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து அங்கங்கே குச்சி ஊன்றி வையுங்கள். மறுநாள் போனால் ஒன்றும் தெரியாது. அப்படியே மாடியையும் நிமிர்ந்து பாருங்கள். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அந்தக் குழாய் தெருவைப் பார்த்திருந்தால், கொல்லைப் பக்கம் திருப்ப ஒரு எல்போவும் பத்தடி பைப்பும் போதும்.

2. ஓடுகிற தண்ணீரைக் குறுக்கே மறியுங்கள். சரிவுக்குக் குறுக்காக, முழுநீளமும் ஒரே மட்டத்தில், ஓரடி ஆழம் ஒன்றரையடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, தோண்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கரையாகப் போட வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப்பை ஒரு நாள் இரவல் வாங்கினால் சரி. இது தண்ணீரைக் கொண்டுபோகிற வாய்க்கால் இல்லை, நிறுத்தி இறக்குகிற வாய்க்கால். பெருமழைக்கு வழிந்தோட ஓரிடத்தில் மட்டும் கரையைத் தாழ்த்திக் கல் பதியுங்கள். கரையில் கொய்யா, எலுமிச்சை நன்றாக வரும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி வெட்டுங்கள், அஸ்திவாரம் ஊறக்கூடாது.

3. காலடியை எண்ணுங்கள். தினம் தொடுகிற செடி அடுப்படி வாசலில் இருக்க வேண்டும்: கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சைமிளகாய், தூதுவளை. இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்க்கிற கத்தரி, வெண்டை அதற்கு அடுத்து. வருடத்துக்கு நாலு தடவை எட்டிப் பார்த்தால் போதும் என்கிற மா, பலா கடைக்கோடியில். நான் கறிவேப்பிலையைக் கிழக்கு மூலையில் வைத்தேன். தாளிக்கும்போது எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, யார் அவ்வளவு தூரம் ஓடுவது? இரண்டு வருடம் கொல்லையில் மரத்தை வைத்துக்கொண்டு கடையில் கறிவேப்பிலை வாங்கினோம்.

4. பாத்திரம் கழுவுகிற தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், வாழைக்கு விடுங்கள். ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் வட்டக்குழி. தோண்டிய மண்ணைச் சுற்றிலும் வரப்பாகப் போட்டு, குழிக்குள் அடியில் தென்னை மட்டை, அதற்கு மேல் சருகு, வெட்டிய வாழைமட்டை, காய்கறித் தோல் என்று குவித்துவிடுங்கள். குவியல் வரப்புக்கு மேலே எழும்பி நிற்க வேண்டும். போகப்போக அமுங்கிவிடும், மேலே போட்டுக்கொண்டே இருக்கலாம். வரப்பில் நாலு வாழை, நடுநடுவே இரண்டு பப்பாளி, ஈரமான இடத்தில் சேம்பு, வெளிச்சரிவில் சர்க்கரைவள்ளிக் கொடி. குழாயின் வாய் குப்பைக்கு அடியில் போய் முடிய வேண்டும். மேலே தண்ணீர் தேங்கினால் கொசு வரும், பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். சோறு, எலும்பு போட்டால் பெருச்சாளி தோண்டும். துணி துவைத்த தண்ணீரை இதில் விட வேண்டாம். சோப்புத்தூளில் இருக்கிற சோடியம் மண்ணை இறுக்கிவிடும். வாழையில் ஒரு தாய், ஒரு கன்று, ஒரு குட்டிக்கன்று போதும். மற்றதைக் கடப்பாரையால் பெயர்த்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். எல்லாக் கன்றையும் விட்டுவைத்த வருடம் என் பூவன் தார் முழங்கை நீளம்கூட இல்லை.

5. வெறும் மண் வெயில் பார்க்கக்கூடாது. அந்தக் காலத்துக் கொல்லையெல்லாம் இயற்கை முறைதான் என்று பெருமை பேசுகிறோம். அது பாதிதான் உண்மை. என் அப்பத்தா வாழைக்குக் கழுநீர் விட்டார், சரி. சருகை எல்லாம் கூட்டிப் பெருக்கித் தினம் சாயங்காலம் கொளுத்தியதும் அதே அப்பத்தாதான். நான் கூட்டாமல் போட்டதும் பக்கத்து வீட்டு மாமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, கொல்லையக் குப்பைமேடாக்கிட்டே?" என்றார். சித்திரை மாதம் உச்சிப்பொழுதில் அவரைக் கூப்பிட்டு, ஒரு சாண் கனத்துக்குக் கிடந்த மூடாக்கை விலக்கிக் கையை வைக்கச் சொன்னேன். மேலே சருகு அப்பளமாக நொறுங்கியது. அடியில் மண் கறுத்து, குளிர்ந்து, விரலை அழுத்தினால் உள்ளே போனது. மண்புழு ஒன்று நெளிந்து இறங்கியது. இப்போது அவர் வீட்டுச் சருகைக் கேட்டாலும் தருவதில்லை. ஒரு எச்சரிக்கை: மூடாக்கு தண்டை ஒட்டக்கூடாது, நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள். கழுத்துவரை போர்த்தி வைத்ததில் பதினாறு கத்தரிச்செடியைக் கரையானுக்குக் கொடுத்திருக்கிறேன்.

6. நாட்டுப் பப்பாளியில் ஆண் மரம் உண்டு, பூக்கும்வரை தெரியாது. ஒரு குழியில் மூன்று நாற்று வையுங்கள். நீளக் காம்பில் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொங்கினால் ஆண், அதை வெட்டுங்கள். கொல்லைக்கு ஓர் ஆண் மரம் மட்டும் இருக்கட்டும்.

7. முருங்கை மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் கிளை அடிக்கும், கீரை கைக்கு எட்டும். துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும். அப்போதே பந்தம் காட்டிவிட வேண்டும். பனியனுக்குள் வந்தபிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

8. வேலிக்குக் கம்பி வாங்குகிற காசில் பாதிக்குக் கிளுவைக் கம்பும் கிளைரிசிடியாக் கம்பும் ஊன்றலாம். நாலடிக் கம்பு, ஓரடி மண்ணுக்குள், மழைக்கு முன்னால். கிளைரிசிடியா காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். மார்பளவுக்கு வளர்ந்ததும் வெட்டி அப்படியே மூடாக்காகப் போடலாம். முதல் வருடம் ஆடு நுழையத்தான் செய்யும், அதுவரை இலந்தை முள் போடுங்கள்.

9. ஜீவாமிர்தத்துக்கு எல்லாரும் 200 லிட்டர் டிரம் கணக்குச் சொல்வார்கள், அது ஒரு ஏக்கருக்கு. நமக்கு 20 லிட்டர் வாளி போதும்: ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லம் 200 கிராம், கடலைமாவு 200 கிராம், வரப்படி மண் ஒரு பிடி. நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கிவிட்டு, மூன்றாம் நாள் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து ஈரமண்ணில் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

10. பூச்சியைக் கண்டதும் மருந்தைத் தூக்காதீர்கள். 2008 வாக்கில் தமிழ்நாட்டுக்குள் புகுந்த பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரி என்று எதையும் விடவில்லை. அடித்த மருந்து எதற்கும் அது மசியவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட குட்டிக் குளவிதான் அதை அடக்கியது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. நாம் அடிக்கிற விஷத்தில் முதலில் சாவது இப்படிப்பட்ட ஆள்தான். நான்கு நாள் பொறுத்தும் குறையவில்லை என்றால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்துப் பிழியுங்கள். காதி சோப்பைக் கொஞ்சம் கரைத்துக் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்.

11. விதைக்கு விடுகிற காயை முதலிலேயே அடையாளம் கட்டிவிடுங்கள், சிவப்புத் துணி நல்லது; இல்லையென்றால் யாராவது குழம்பில் போட்டுவிடுவார்கள். கத்தரி மஞ்சளாகிப் பழுக்கட்டும், வெண்டை செடியிலேயே நெற்றாகட்டும். சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி வையுங்கள். வெங்காய விதையை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். டப்பாவின் மேல் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். போன ஆடியில் பீர்க்கு என்று நினைத்து நான் பந்தல் ஓரம் ஊன்றியது நுரைப்பீர்க்கு. இரண்டும் கறுப்பு விதை. பிஞ்சிலேயே பறித்திருந்தால் கூட்டு வைத்திருக்கலாம், கவனிப்பதற்குள் முற்றிவிட்டது. இந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க நார் வாங்கவில்லை.