நடுவில் நின்ற பையன் பேசட்டும்



தம்பி, உன் நோட்டில் பத்துக் கவிதைகள். ஒன்பதில் அப்பாதான் குற்றவாளி. வக்கீல் நோட்டீஸ் வந்த நாள், பீரோவில் காலியான தட்டு, பாட்டி வீட்டுக்கு அம்மா தனியே பஸ் ஏறியது என்று வரிசையாக வருகின்றன. கோபம் நியாயமானது. 19 வயதில் அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அந்த ஒன்பதும் அம்மா சார்பில் தாக்கல் செய்த மனுக்களாக நிற்கின்றன. வாதாடுகிற வேலையைக் கோர்ட்டில் செய்து முடித்தாகிவிட்டது. கவிஞனின் வேலை அப்படியே பாக்கி இருக்கிறது.

அது என்ன வேலை என்பதைச் சங்க கால வள்ளல் பேகனின் கதையிலிருந்து பார்க்கலாம். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று அவனை எல்லோருக்கும் தெரியும். மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொரு பெண்ணை நாடிப் போனவன் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள் இந்த ஒரு விவகாரத்துக்காகவே இருக்கின்றன. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள். பரணர் மட்டும் இரண்டு முறை. பசியென்று வரவில்லை, இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர். அதுதான் வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். பெருங்குன்றூர்கிழார் காட்டுவது எண்ணெய் மறந்த அவள் கூந்தலை. அவள் பேகனை ஏசியதாக அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் கூந்தல் ஒன்றே போதும், பேகன் தலை குனிய.

ஐந்து பாடல்களிலும் பிள்ளையின் குரல் இல்லை.

அகநானூற்றின் 16ஆம் பாட்டில் பிள்ளை இருக்கிறான். பாடியவர் சாகலாசனார். தேர் ஓடும் தெருவில் அவன் தனியாக நிற்கிறான். அவன் அப்பாவோடு உறவுள்ள பரத்தை அவனைப் பார்த்துவிட்டு, ஆசையோடு வாரி அணைக்கிறாள். தாய் அதைப் பார்த்துவிடுகிறாள். பிடிபட்ட திருடரைப் போலப் பரத்தை தலை கவிழ்ந்து நிலத்தைக் கீறி நிற்க, நீயும் இவனுக்குத் தாய்தானே என்று தாயே அவளை அணைத்துக்கொள்கிறாள். நெஞ்சை உலுக்கும் பாட்டு. ஆனால் இருவருக்கும் நடுவில் நின்ற பையன் என்ன நினைத்தான்? அன்று இரவு என்ன கேட்டான்? பாட்டில் இல்லை. நீ நின்று பேச வேண்டிய இடம் அதுதான்.

அங்கிருந்து பேசிக் காட்டியவர் அமெரிக்கக் கவிஞர் ஷாரன் ஓல்ட்ஸ். 1984இல் வந்த 'தி டெட் அண்ட் தி லிவிங்' தொகுப்பில் 'தி விக்டிம்ஸ்' என்றொரு கவிதை. அம்மா விவாகரத்து செய்ததும் பிள்ளைகள் மகிழ்கிறார்கள். அப்பாவின் வேலை போனதும் இன்னும் மகிழ்கிறார்கள். அதுவரை அப்பாவைப் பார்த்து 'நாங்கள்' என்று பேசுகிற குரல், பாதிக்கு மேல் 'நான்' என்று மாறுகிறது. வளர்ந்த மகள் வாசற்படிகளில் கிடக்கும் நாதியற்ற ஆண்களைக் கடந்து நடக்கிறாள். இவர்கள் செய்ததையெல்லாம் யார் மௌனமாகத் தாங்கிக்கொண்டார்கள் என்ற கேள்வி அவளுக்குள் எழுகிறது. அப்பாவை அவள் மன்னித்துவிடவில்லை. அம்மா கற்றுக்கொடுத்த வெறுப்பிலிருந்து ஓரடி விலகி, தன் கண்ணால் பார்க்கிறாள். அந்த ஓரடிதான் கவிதை.

தமிழில் உனக்கு இன்னொரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வி' (we) என்று ஒரே சொல். நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு. அப்பாவிடம் பேசும்போது 'நாம்' என்றால் அவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. பிரிந்த வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு வாக்கியத்திலும் இதை முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. எந்த நாளில் உன் வாயில் 'நாம்' போய் 'நாங்கள்' வந்தது என்று யோசித்துப் பார். அதை எழுது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. அம்மாவின் வாட்ஸ்அப் செய்திகளை அப்படியே கவிதையாக அடுக்காதே. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல், தான் பிரிந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக் எழுதிய கடிதங்களை எடுத்து, மாற்றி, 1973இல் 'தி டால்ஃபின்' நூலில் சேர்த்தார். அச்சுக்கு முன்பே தோழி எலிசபெத் பிஷப் வேண்டாமென்று எழுதினார்; லோவல் கேட்கவில்லை. மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. ஆனால் 50 ஆண்டுகள் தாண்டியும் அந்த நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பேசுவது அந்தக் கடிதங்களைத்தான். அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியர் வைத்த விதியின் அருமை இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

வெளியிட அவசரமும் வேண்டாம். பரஸ்பர சம்மத விவாகரத்தில் மனு போட்டபின் தம்பதி யோசிப்பதற்குச் சட்டம் ஆறு மாத அவகாசம் வைத்திருக்கிறது. பிள்ளைக்கு அப்படி எதுவும் கிடையாது. அவன்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓல்ட்ஸின் 32 ஆண்டு மணவாழ்க்கை முறிந்தபோது, பத்தாண்டுகளுக்கு அதைப் பற்றி வெளியிடுவதில்லை என்று தன் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தார். அந்தப் பிரிவைப் பற்றிய 'ஸ்டாக்ஸ் லீப்' தொகுப்பு 2012இல்தான் வந்தது. அந்த ஆண்டுகளிலும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

இனி அந்தப் பத்தாவது கவிதை. புரோகிரஸ் கார்டில் அப்பா கையெழுத்துக்கான கட்டம். முதன்முறையாக அம்மா அங்கே போடுகிறார். பெயர் நீளம், கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. டீச்சர் அதைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு போதும். அதற்குக் கீழே ஆண்களைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் நான்கு வரி எழுதியிருக்கிறாய். அந்த நான்கையும் அடித்துவிட்டு, கவிதையை மறுபடி அனுப்பு.