டை சேர வேண்டியது சட்டையோடா, புடவையோடா?

கேள்வி: தை மாதம் எனக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி. மாலை ரிசப்ஷனுக்கு நேவி ப்ளூவில் கோட் சூட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். பெண்ணின் புடவை மெரூன், தங்க ஜரிகை பார்டர். கடையில் மெரூன் சட்டை, அதே மெரூனில் பளபளவென்று டை, கைக்குட்டை மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்துக் காட்டினார்கள். வீட்டில் எல்லாரும் ‘இதுதான் மேட்சிங்’ என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு அலுவலகத்துக்கும் கட்டிக்கொள்ளும்படி ஒரு டை வேண்டும். பள்ளியில் எலாஸ்டிக் டை மாட்டியதோடு சரி, முடிச்சுப் போடவும் தெரியாது.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அந்தப் பெட்டி வேண்டாம்.

கோட்டுக்குப் பொத்தான் போட்டதும் கழுத்துக்குக் கீழே முக்கோணமாக ஓர் இடம் மட்டும் திறந்திருக்கும். பார்ப்பவர் கண் அங்கே விழுந்து, டை வழியாக ஏறி முகத்துக்குப் போக வேண்டும். சட்டை வெளிராகவும் டை அடர்த்தியாகவும் இருந்தால் அது தானாக நடக்கும். இரண்டும் ஒரே மெரூன் என்றால் டை சட்டைக்குள் கரைந்துபோகும். போட்டோவில் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே இருட்டுத் திட்டுதான் தெரியும். வெள்ளைத் துணியில் பட்ட விளக்கொளி கொஞ்சம் முகத்துக்குத் திரும்பி வரும். மெரூன் சட்டையில் அதுவும் கிடைக்காது. ஆகவே கோடோ கட்டமோ இல்லாத வெள்ளைப் பருத்திச் சட்டை எடுங்கள். வெள்ளை வேண்டாம் என்றால் வெளிர் நீலம்.

புடவையோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டியது டை. அதிலும் அதே மெரூனைத் தேடி அலையாதீர்கள். பட்டுப் புடவையின் சாயமும் நெசவும் வேறு, டையினுடையது வேறு. கடையில் ஒன்றுபோலத் தெரிந்தவை மண்டபத்து விளக்கில் பிரிந்துபோகும். கிட்டத்தட்டச் சேர்ந்த நிறம், சேராத நிறத்தைவிட உறுத்தும். புடவையைவிட ஒரு படி இருண்ட மெரூனாக வாங்குங்கள். வேண்டுமானால் அதில் ஜரிகையின் பொன்னிறத்தில் சின்னச் சின்னப் புள்ளி இருக்கலாம். பளபளக்கும் பாலியெஸ்டர் சாட்டின் கூடவே கூடாது. ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெள்ளையடித்து, நிறமே தெரியாமல் போய்விடும். மங்கலான மினுமினுப்புள்ள பட்டு நல்லது. கைக்குட்டையும் டைத் துணியிலேயே வேண்டாம், வெள்ளையாக இருக்கட்டும்.

கோடும் கட்டமும் அலுவலகத்துக்கு உதவும். சட்டையில் மெல்லிய கோடு இருந்தால் டையில் அகலக் கோடு. சட்டையில் சின்னக் கட்டம் என்றால் டை ஒரே நிறம். இரண்டிலும் ஒரே அளவு டிசைன் வந்தால் கண் கூசும். மயிரிழைக் கோடு போட்ட சட்டை வீடியோவில் அலை அலையாக நெளிந்து தெரியும் என்பதால் ரிசப்ஷனுக்கு அதைத் தொடாதீர்கள்.

கோட்டின் நிறத்தைப் பார்த்து நேவியும் மெரூனும் கலந்த சாய்கோட்டு டையைக் கடைக்காரர் எடுத்துப் போடலாம். பிரிட்டனில் அந்த இரண்டு நிற அகலக் கோடு, அரசரின் காவல் படைப்பிரிவுகளுக்குரிய அடையாளம். அங்கே படைக்கும் பள்ளிக்கும் கிளப்புக்கும் தனித்தனிக் கோடு உண்டு. அணிபவரின் இடது தோள் பக்கமிருந்து அது சாய்ந்து இறங்கும். அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பி, யாரும் கட்டக்கூடியதாக ஆக்கியது. திண்டுக்கல்லில் யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனாலும் பிரிட்டிஷ் வாடிக்கையாளர் முன் உட்காரும் வேலை என்றால் புள்ளி போட்டதே உத்தமம்.

வாங்குமுன் டையை நடுவில் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். முறுக்கிக்கொண்டு திரும்பினால் வைத்துவிடுங்கள். நல்ல டைக்குத் துணியை 45 டிகிரி சாய்வில் வெட்டுவார்கள். அப்போதுதான் முடிச்சை அவிழ்த்ததும் பழைய வடிவத்துக்கு வரும். அப்படி வெட்டி மூன்று துண்டாகச் சேர்த்துத் தைக்கும் முறை நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் கொண்டுவந்தது. டையின் அகலம் கோட்டின் மடிப்புக் காலர் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். எட்டு சென்டிமீட்டர் பெரும்பாலும் பொருந்தும்.

முடிச்சுக்குப் பயப்பட வேண்டாம். டை கட்ட 85 வழி உண்டு என்று கேம்பிரிட்ஜில் இருந்த தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் என்ற இருவர் 1999இல் கணக்கிட்டார்கள். உங்களுக்கு ஒன்று போதும். அகல முனையைக் குறுகிய முனைக்கு மேல் போட்டு, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் கொண்டுவந்து, கழுத்து வளையத்துக்குள் கீழிருந்து மேலே எடுத்து, முன் மடிப்புக்குள் இறக்கி இழுங்கள். இழுக்கும்போது முடிச்சுக்குக் கீழே விரலால் ஒரு குழி அமுக்கிவிட்டால் அழகு கூடும். விண்ட்சர் கோமகன் பெயரில் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. அவரே அதைப் போட்டதில்லை, கனமான உள்துணி வைத்த டையில் இதே எளிய முடிச்சைத்தான் போட்டார். டையின் நுனி பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். சட்டையின் கழுத்துப் பொத்தானை வெயிலுக்குப் பயந்து திறந்துவிட்டு டையால் மறைப்பவர்கள் பலர். முடிச்சு இறங்கி இடைவெளி பளிச்சென்று தெரியும். பொத்தான் போட்டபின் ஒரு விரல் நுழையும் காலராகத் தைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் ஊர் விஷயம். மேடையில் ரோஜா மாலை போட்டால் டையில் பாதி மறையும். தண்ணீர் தெளித்த மாலை என்றால் பட்டில் கறை நிற்கும். மாலையைத் துடைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாலை மாற்றும் படங்கள் எடுத்ததும் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு மற்றப் படங்களுக்கு நில்லுங்கள். அன்றிரவே முடிச்சை அவிழ்த்து டையைத் தொங்கப் போடுங்கள். அலுவலகத்தில் வெளிர் நீலச் சட்டைக்கு அதே டை நன்றாகப் பொருந்தும்.