நோய்க்கு முன்பே மாறும் பரம்பரையலகுகள்

கண்டியில் ஒருவர், பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையில் ஒருவர். இருவருக்கும் நோயேதும் இல்லை. இருவரது இரத்தமும் ஒரே செய்தியைத்தான் சொல்லுமா? இல்லை என்கிறது 2017இல் வெளிவந்த ஓர் இலங்கை ஆய்வு.

காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் இருந்து நமது உலர்வலய விவசாயிகளை வாட்டுகிறது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் மெல்லச் செயலிழக்கிறது. கிணற்று நீரின் வன்தன்மை, புளோரைட்டு, கட்மியம், விவசாய இரசாயனங்கள், வெயிலில் ஏற்படும் நீரிழப்பு என்று சந்தேகங்கள் பல. வழமையான கிரியற்றினின் பரிசோதனையோ சிறுநீரகத்தின் தொழிற்பாடு கணிசமாகக் குறைந்த பின்னரே நோயைக் காட்டும். வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல் செய்வோரும் கிணற்று நீரை நம்பி வாழ்பவர்கள்தான். ஆகவே இது நமக்குத் தூரத்துக் கதையல்ல.

கண்ணின் கலத்திலும் சிறுநீரகக் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. எந்தப் பரம்பரையலகு எந்த அளவுக்கு ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு. இதுவே பரம்பரையலகு வெளிப்பாடு. கலம் நெருக்கடிக்குள்ளானால் இந்த அளவும் மாறும்.

அதை அளப்பதற்கு, கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட பீ.சீ.ஆர். உதவுகிறது. முதலில் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாக மாற்றுவர். பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறக்குறைய இரட்டிக்கும். ஒரு மாதிரி மற்றதைவிட 3 சுற்று முந்தித் தென்பட்டால், அதில் 2×2×2, அதாவது 8 மடங்கு இருந்தது என்று பொருள். எடுத்த இரத்தத்தின் அளவு கூடிக் குறைந்து கணக்கைக் குழப்பலாம் அல்லவா? அதனால், அதிகம் மாறாத ஒரு பரம்பரையலகையும் சேர்த்து அளந்து அதனோடு ஒப்பிடுவார்கள். கணிதம் வேண்டாம் என்று உயிரியலுக்கு வரும் மாணவியர் இதைக் கவனிக்க.

கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கை நிறுவகத்தின் ஆய்வாளர்கள் இம்முறையில் 12 பரம்பரையலகுகளை அளந்தனர். சிறுநீரகக் காயத்தோடு தொடர்புடைய கிம்-1, ஆரம்பநிலை நோயாளிகளிடம் கண்டி மக்களிலிருந்து வேறுபட்டது. ஆச்சரியம் அடுத்ததில்தான். கிராந்துருகோட்டையின் ஆரோக்கியமானவர்களிடமும் கிம்-1 வேறுபட்டிருந்தது. ஒட்சியேற்றப் பாதிப்பிலிருந்து கலத்தைக் காக்கும் குளூட்டதையோன் தயாரிப்பின் முதற்படியை நடத்தும் ஜீ.சீ.எல்.சீ.யும் அப்படியே. நோய் வெளிப்படுமுன்பே உடல் எதையோ எதிர்த்துப் போராடுகிறது என்று இதை வாசிக்கலாம்.

ஆனால் இது சிறிய முன்னோடி ஆய்வு. இரத்தத்தில் தெரிவது சிறுநீரகத்தில் நடப்பதன் நேரடிப் படமுமல்ல. எந்த நஞ்சு இதைத் தூண்டியது என்பதையும் இவ்வெண்கள் மட்டும் கூறா. மாறுபாடு காட்டிய அந்த ஆரோக்கியமானவர்களில் யார் பின்னர் நோயாளியாகிறார், யார் ஆகவில்லை என்பதை அறிய, அதே மனிதர்களின் இரத்தத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும்.