கேள்வி - பதில்: தூக்குவதற்கு முன்

கேள்வி: ஐயா, எங்களுக்குத் திருத்தணி. என் மூத்த மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்துவிட்டு, இரண்டு வருஷமாக ஒரு ஹைட்ரா கிரேனில் உதவியாளாக இருக்கிறான். இப்போது தனியாக வண்டியை எடுக்கும் அளவுக்குப் பழகிவிட்டான். "கைப்பழக்கம் வந்தாயிற்று, இனிமேல் என்ன பயிற்சி?" என்கிறார் வண்டிக்குச் சொந்தக்காரர். செலவு செய்து பயிற்சிக்கு அனுப்புவது அவசியந்தானா? எங்கே அனுப்பலாம்? இன்னொரு விஷயம்: வருகிற ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கொண்டு கிரேனில் தொங்கி வருவதாகப் பக்கத்துக் கிராமத்தில் சிலர் வேண்டுதல் வைத்திருக்கிறார்கள். வண்டியை என் மகனே ஓட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

- ஒரு தகப்பனார், திருத்தணி

பதில்: தங்கள் கடிதத்தில் இரண்டாவதாக இருக்கும் கேள்விக்கே முதலில் விடை எழுதுகிறேன்; பயிற்சிக்கு அடுத்த மாதமும் போகலாம், ஆடிக் கிருத்திகையோ காத்திருக்காது. ஒப்புக்கொள்ள வேண்டாம். ஊரார் எவ்வளவு அன்போடு கேட்டாலும், தெய்வ காரியம் என்றே சொல்லிக் கேட்டாலும், தங்கள் குமாரர் கைகூப்பி மறுத்துவிட வேண்டும். 2023-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி இரவு, தங்களுக்கு அண்மையிலுள்ள அரக்கோணத்தைக் கடந்து நெமிலிப் பக்கத்துக் கீழ்வீதி கிராமத்தில், மண்டியம்மன் கோயில் திருவிழாவின்போது, அந்தரத்திலிருந்து சுவாமிக்கு மாலை சாத்துவதற்காக ஆட்களைச் சுமந்து நின்ற கிரேன் ஜனக்கூட்டத்தின் நடுவே சரிந்து நான்கு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தச் செய்தியைப் படித்த நாள்முதல், விழாக் காலத்தில் கிரேன் ஒன்று ஊருக்குள் வருவதைக் கண்டாலே என் மனம் பதைக்கிறது.

நாலைந்து ஆட்களின் எடை அந்த யந்திரத்துக்கு ஒரு பொருட்டா என்று கேட்பார்கள். எடையன்று விஷயம். நம் பக்கத்துக் கிணறுகளில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலாவின்மீது நடப்பவர் ஓரடி முன்னே வைத்தால் சால் ஒரு பக்கமும், ஓரடி பின்னே வைத்தால் மறுபக்கமும் போகுமல்லவா? ஹைட்ராவில் முன்சக்கரந்தான் துலாவைத் தாங்கும் கால்; பின்னாலுள்ள வண்டியின் எடை ஒரு பக்கம், பூம் என்னும் தூக்குக்கையின் நுனியில் தொங்குவது மறுபக்கம். ஊன்றி நிற்க இருபுறமும் ஜாக்கி இறக்கும் வசதி அதற்கு இல்லை. 40 அடி உயரத்தில் கொக்கி தொங்கும்போது, ஒரு பக்கத்துச் சக்கரம் ஏறக்குறைய நாலங்குலம் மண்ணில் இறங்கி வண்டி மூன்று டிகிரி சாய்ந்துவிட்டால், மேலே கொக்கி இரண்டடிக்கு மேல் பக்கவாட்டில் விலகிவிடும்; அங்கே தொங்குபவர் ஊசலாடத் தொடங்கினால் அது இன்னும் விலகும். தண்ணீர் தெளித்த திருவிழாத் தெருவிலும், அறுவடை முடிந்த வயலோரத்திலும் நாலங்குலம் இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதைத் தாங்களே யோசித்துப் பாருங்கள்.

வேண்டுதலைக் குறைவாக நினைத்து நான் இதை எழுதவில்லை. தணிகை மலையின் 365 படிகளையும் காவடியோடு ஏறுகிற பக்தர், தம் கால்களை நம்பி, தமக்கும் முருகனுக்கும் இடையேயான ஒப்பந்தத்தைத் தாமே நிறைவேற்றுகிறார். கிரேனில் தொங்குபவரோ தம் உயிரோடு கீழே நிற்கும் குழந்தைகளின் உயிரையும் ஓர் இரும்புக் கொக்கியிலும், மண்ணின் உறுதியிலும், ஓர் இளம்பிள்ளையின் கையிலும் ஒப்படைத்துவிடுகிறார். அந்தப் பாரத்தைத் தங்கள் குமாரர் ஏன் சுமக்க வேண்டும்?

இனி முதற் கேள்வி. கைப்பழக்கத்தை நான் அலட்சியம் செய்கிறவன் அல்லேன். 1988-ஆம் வருஷம் ஜூலை 8-ஆம் தேதி கேரளத்தில் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, மூழ்கிய பெட்டிகளை வெளிக்கொணர்வதில், கயிறும் கப்பியுமாகப் பரம்பரைத் தொழில் செய்யும் மாப்பிள்ளைக் கலாசிகள் கைகொடுத்ததை நாடு அறியும். ஆனால் அவர்களுடையது வெறும் கைப்பழக்கமன்று; ஒரு தலைவர் குரல் கொடுக்க, அந்தக் குரலுக்கு மட்டுமே அத்தனை பேரும் இழுக்கும் கட்டுப்பாடு அது. இன்றைய பயிற்சிக்கூடத்தில் சிக்னல்மேனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் விதியும் அதுவே: சைகை காட்டுபவர் ஒருவர்தான், "நிறுத்து" என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஆபரேட்டர் கீழ்ப்படிந்தாக வேண்டும்.

பழக்கத்தால் மட்டும் வராத வித்தைகள் சில உண்டு. 1 டன் கல்லை, இரண்டு கால்களாகப் பிரியும் சிலிங்கு என்னும் தூக்குக்கயிற்றில் மாட்டித் தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலும் அரை டன்தான் தாங்குகிறது என்று பழக்கம் சொல்லும். சிலிங்கு தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொரு காலிலும் 577 கிலோ இழுவிசை. 45 டிகிரிக்குப் படுத்தால் 707 கிலோ. 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலும் முழு 1 டன்னைத் தாங்க நேரிடும். கல்லும் அதே கல், கயிறும் அதே கயிறு, கோணம் மட்டும் மாறிற்று. நேற்று அறாத கயிறு இன்று ஏன் அறுந்தது என்று திகைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கை அறியாதவர்களே. அப்படியே, வண்டியின் பக்கவாட்டில் 14 டன் என்று எழுதியிருப்பது, பூமை முழுவதும் சுருக்கி, பாரத்தை வண்டிக்கு மிக அருகில் வைத்துத் தூக்கும்போது மட்டுமே பொருந்தும்; பூம் நீள நீள அந்த எண் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை லோடு சார்ட் என்னும் அட்டவணை கட்டங்கட்டமாகக் காட்டும். அதைப் படித்துப் பொருள் செய்யத் தெரியாதவர், எவ்வளவு லாகவமாக லீவரை இழுத்தாலும், ஆபரேட்டர் ஆகமாட்டார்.

என் இளமையில் நான் தொழில் கற்ற பணித்தளத்தில் ஒரு முதிய ஃபோர்மேன் இருந்தார். எந்தப் பாரத்தையும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தூக்கச் சொல்லி, அப்படியே நிறுத்திவிட்டு, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த முடிச்சு நெகிழ்கிறது என்று ஒரு சுற்று நடந்து வருவார். கம்பிக்கயிற்றுச் சிலிங்கை மாட்டுவதற்கு முன்னால், வெறுங்கையால் தொடாமல், கையுறையின்மேல் ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு கயிற்றின் நீளம் முழுவதும் மெல்ல உருவுவார். ஒருநாள் நாங்கள் அவசரத்தில் அந்தச் சோதனையைத் தவிர்த்து மாட்டிவிட்ட சிலிங்கை இறக்கச் சொல்லி அவர் உருவியபோது, துணி ஓரிடத்தில் சிக்கி நின்றது. பிரித்துப் பார்த்தால், கிரீஸ் மூடியிருந்த இடத்தில் ஒரு புரியின் இழைகள் முள்முள்ளாக முறிந்து நின்றன. கண்ணுக்குத் தெரியாததைத் துணி சொல்லிற்று. அவர் ஒன்றும் பேசாமல் சிலிங்கை இரண்டாக வெட்டிப் போட்டார்; யாரும் அதை மீண்டும் எடுத்துப் பிரயோகிக்கக் கூடாதென்பதற்காக.

பாரந்தூக்கும் யந்திரங்களையும், கயிறு சங்கிலிகளையும் குறைந்தது 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே வகுத்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் அந்தப் பரிசோதனைக்கான சான்றிதழைக் கேட்பார்கள். கல்லறுக்கும் பட்டறையிலும், சாலையோர வேலையிலும், கோயில் மைதானத்திலும் கேட்பாரில்லை. ஆகையால் அங்கே ஆபரேட்டரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

பாரத்தைத் தூக்குவதோடு அது ஊர் போய்ச் சேருவதும் இந்தச் சாஸ்திரத்தைச் சேர்ந்ததே. வந்தவாசிக்கு அருகே கொரக்கோட்டையில் ஒரே கல்லில் செதுக்கிய 64 அடிக் கோதண்டராமர் சிலை, 2018-ஆம் வருஷக் கடைசியில் 240 சக்கரங்கள் கொண்ட டிரெய்லரில் பெங்களூருக்குப் புறப்பட்டு, அடுத்த வருஷ நடுவில்தான் போய்ச் சேர்ந்தது. ஒரே நாளில் கார் போய் வரும் தூரத்துக்கு மாதக்கணக்கு ஆனதைக் கண்டு அன்று பலர் பொறுமையிழந்தார்கள். எனக்கோ அந்த நிதானத்தில் மரியாதை உண்டாயிற்று. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பாலம் தாங்காது என்று கணக்கிட்டு, ஆற்றின் குறுக்கே தனியாக மண்பாதை போட்டு அந்தச் சிலையைக் கடத்தினார்களே, பாலத்தின்மீது ஏற்றிப் பார்ப்போம் என்று துணியவில்லையே, அந்தத் தீர்மானத்தை எடுக்கத் தெரிவதே இந்தத் தொழிலின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கனரக வாகனம் ஓட்டுவதற்குத் தங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. தொழிற்பாதுகாப்பு வகுப்புகளைப் பற்றிச் சென்னை தரமணியிலுள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் கல்விக்கூடத்தில் விசாரிக்கலாம். கட்டுமானத் தொழில்களுக்குக் காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் நடத்தும் திறன் பயிற்சி நிலையம் உண்டு. எங்கே சேர்ந்தாலும், ஆபரேட்டர் பயிற்சியோடு, பாரத்தைக் கட்டி மாட்டும் ரிக்கர் பயிற்சியும் சேர்த்துக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மாட்டத் தெரிந்தவரே நன்றாகத் தூக்குவார்.

அதுவரையில் ஒரு காரியம் செய்யலாம். இன்று மாலை தங்கள் குமாரர் வேலையிலிருந்து திரும்பியதும், அவர் ஓட்டும் வண்டியின் கேபினில் லோடு சார்ட் ஒட்டியிருக்கிறதா, அதிலுள்ள எழுத்து இன்னும் படிக்கிற நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், நாளைக் காலையில் வண்டியை எடுக்கும் முன்பே சொந்தக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கி ஒட்டச் சொல்லுங்கள்.