நூறாவது இதழும் காணாமல் போன பக்கங்களும்

கோவில்பட்டியிலிருந்து நாங்கள் நடத்தும் காலாண்டிதழின் நூறாவது இதழ் வந்துவிட்டது. 2001 தையில் முதல் இதழைக் கையில் கொடுத்தபோது, "நாலு இதழ் தாண்டாது" என்று சொன்னவர்கள் இன்றும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். விளம்பரம் வாங்காமல் பத்திரிகை நடத்த முடியாது என்று சொல்லி நடுவழியில் விலகிய நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் நூறாவது இதழைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சிற்றிதழ் நடத்துகிறவர்களுக்கும் நடத்த நினைக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். டெம்மி அளவு, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் கலர், நடுவில் பின். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முன்பு கலெக்டர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த பதிவு வேலை, 2023ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் வந்தபின் ஆன்லைனுக்குப் போய்விட்டது. தொலையக் கூடாத பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தோம். 2025 செப்டம்பர் 1 முதல் அது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால் அந்தச் செலவைத் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சந்தா தீரப்போகிறவருக்கு ஓர் இதழ் முன்னதாகவே கார்டு போட்டுவிடுங்கள். இவையெல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடும்.

கைக்கு வராதது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2007இல் தீப்பெட்டி விலை ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயானது. அப்போது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் ஓர் அம்மாவிடம் நாள் முழுக்கப் பேசி ஒரு கட்டுரை போட்டோம். பெட்டி விலை இரண்டு மடங்கானதில் ஒட்டுகிற கைக்கு என்ன வந்தது என்பதுதான் கேள்வி. பசை காய்ச்சுவது எப்படி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் எவ்வளவு போடுவது, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி, அதை ஒட்டி முடிக்கும்போது எந்த விரல் முதலில் மரத்துப்போகும் என்று எல்லாவற்றையும் அந்த அம்மாவே சொன்னார். நாங்கள் திருத்தவில்லை. சொன்னபடியே அச்சில் வந்தது.

பதினான்கு வருடம் கழித்து, 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி இரண்டு ரூபாயானது. விலை உயரப்போகிறது என்ற செய்தி வந்த வாரமே வாசகர்கள் போன் செய்தார்கள். "அந்தப் பழைய கட்டுரையைத் திரும்பப் போடுங்கள்" என்றார்கள். அச்சகத்துக்குப் போனேன். முதல் இதழிலிருந்து எங்கள் வேலை முழுக்க அங்கேதான் நடந்தது. டைப் செய்தது, பக்கம் கட்டியது, பிளேட் எடுத்தது எல்லாம் அவர்கள்தான். ஒவ்வொரு முறை பில் கட்டும்போதும் ஃபைலைக் கேட்டிருக்கிறேன். "எங்க போகப்போகுது அண்ணாச்சி, இங்கதான கெடக்கு" என்பதே பதில். அன்றைக்குச் சொன்ன பதில் வேறு: "பழைய சிஸ்டத்தக் கழிச்சாச்சே அண்ணாச்சி. அதுல இருந்த எதுவும் இல்ல."

ஒரு போன் போட்டிருக்கலாம். பென்டிரைவோடு ஓடிப்போயிருப்பேன். கம்ப்யூட்டரை எடைக்குப் போடுகிறவருக்கு உள்ளே யாருடைய எழுத்து இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. காசு கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை அது. ஃபைல் எங்களுடையது. கேட்காமல் அழிக்க எவருக்கும் உரிமை கிடையாது. இதை அவர்களிடம் நேரிலேயே சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

மிஞ்சியது சில சிடிகள். அவற்றில் பாதி, மேல்பூச்சு உரிந்து திறக்கவே இல்லை. திறந்தவையும் பேஜ்மேக்கர் ஃபைல்கள். அடோபி அந்த மென்பொருளை 2001இல் வந்த 7.0 பதிப்போடு நிறுத்திவிட்டது. அதைத் திறக்க ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்தால், அடுத்த தடையாக ஃபான்ட் வந்து நின்றது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனியாக ஒரு குறியீடு வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் அறிவித்த பிறகும் டிடிபி கடைகள் தங்கள் கைக்குப் பழகியதைத்தான் வைத்திருந்தன. அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாகத்தான் தெரியும்.

கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றியபின் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய ஃபான்ட்களில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும். யூனிகோடில் க முதலில் வந்து, உயிர்க்குறி பின்னால் வர வேண்டும். இதில் ஒன்று தப்பினால் வரியே குலைந்துவிடும். அதைவிட மோசம், கண்ணுக்குத் தெரியாத பிழை. 'ஔவை' என்பது 'ஒ'வும் 'ள'வும் சேர்ந்து 'ஒளவை' ஆகிவிடும். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும். பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். தேடினால் கிடைக்காது. இந்த இரண்டையும் முதலில் தேடித் திருத்துங்கள். ஸ்ரீ, க்ஷ, மேற்கோள்குறி, பின்னக்குறி எல்லாவற்றையும் அடுத்துப் பாருங்கள்.

சிடியிலும் இல்லாதவற்றுக்கு வாசகர்கள்தான் கதி. தீப்பெட்டிக் கட்டுரை வந்த இதழ் சாத்தூரில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணில் கிடைத்தது. பின் துருப்பிடித்து, நடுப்பக்கத்தைப் பழுப்பாக அரித்திருந்தது. பின்னைக் கழற்றி, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து, ஓசிஆரில் போட்டோம். மங்கிய அச்சில் காலையும் ர-வையும் அது மாற்றி மாற்றிப் படித்தது. கடைசியில் ஒருவர் பழைய பிரதியை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துத் திருத்தினார். மெய்ப்புக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. அந்தக் கட்டுரை மறுபடி அச்சேறுவதற்குள் விலையேற்றச் செய்தி பழசாகிவிட்டது. அதைச் சொன்ன அம்மாவும் அதற்குள் காலமாகிவிட்டார். என்ன செலவானாலும் பணத்தைத் திருப்பிச் சம்பாதித்துவிடலாம். அந்த அம்மா கையில் இரண்டாவது முறை இதழைக் கொடுக்க முடியாமல் போனதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால்தான் நூறாவது இதழை முழுக்கப் பழைய கட்டுரைகளின் தொகுப்பாகவே கொண்டுவந்தேன். "பழசையே திரும்பப் போடுவதா?" என்று கேட்டார்கள். எங்கள் இதழ் ஒரு காலத்திலும் சில நூறு பிரதிகளைத் தாண்டியதில்லை. இன்று படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆரம்ப இதழ்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு இது புது இதழ்தான்.

தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பெயர் பெற்றவர்களிடம் கேட்டு வாங்கிப் போட்டவற்றில் மிகச் சிலவே தேறின. தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிச் சொன்னவை எல்லாமே நின்றன. மழைக்கு முந்தியே புழுதியில் விதைப்பது பற்றிக் கயத்தாறு பக்கத்து விவசாயி ஒருவர் எழுதிய கட்டுரை இன்றும் எனக்குப் பிடித்தது. விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட வேண்டும், மேலாகப் போட்டால் சிறு தூறலுக்கே முளைத்துக் கருகிவிடும், கரிசல் உள்ளே நனையும் மழை வந்தால்தான் ஆழத்து விதை கண் திறக்கும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வேறு வட்டாரத்திலிருந்து விவசாயிகள் கடிதம் போட்டார்கள்.

2021 மே மாதம் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் காலமானபோதும் பெயர் பெற்றவர்களைத் தேடிப் போகவில்லை. அவருடைய ஊரான இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர். எழுத்தாளர்களின் அஞ்சலியை எல்லாப் பத்திரிகையும் போடும் என்று தெரியும். நாங்கள் இடைசெவல்காரர்களிடம் போய், அவரைப் பற்றி அவர்கள் பேசியதை எழுதி வாங்கினோம். பெரியவர்களை மதிக்கவில்லை என்று அப்போது என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கரிசல் மக்களின் பேச்சிலிருந்து வட்டார வழக்குச் சொல்லகராதியே தொகுத்தவருக்கு அந்த மக்கள் பேச்சைவிட வேறு என்ன அஞ்சலி பொருந்தும்? நூறாவது இதழில் அதற்குத்தான் முதல் பக்கம் கொடுத்தேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஒவ்வோர் இதழிலும் பத்துப் பிரதியை விற்பனைக்குக் கொடுக்காமல் எடுத்துவையுங்கள். நான்கு இதழ் சேர்ந்ததும் இரும்புப் பின்னைக் கழற்றி, நூலால் தைத்து பைண்டு செய்யுங்கள். அலமாரியில் வசம்பு போட்டால் இராமபாணப் பூச்சி அண்டாது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் உங்களுக்காக அனுப்புங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பிரதி போகட்டும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டே ஒரு தனி மனிதர் சேர்த்துவைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அந்த நூலகத்துக்கு அடித்தளம். அவர் சேர்க்காமல் விட்டிருந்தால் எத்தனையோ பழைய இதழ்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சியிருக்காது.

கணினிப் பிரதியை மூன்றாக வாங்குங்கள்: அச்சுக்குப் போன பிடிஎஃப் ஒன்று, பக்கம் கட்டிய ஃபைல் ஃபான்ட்டோடு ஒன்று, எந்த அலங்காரமும் இல்லாத யூனிகோடு உரை ஒன்று. நாளைக்கு எந்த மென்பொருள் செத்தாலும் மூன்றாவது பிழைத்திருக்கும். இவை உங்கள் வீட்டிலும், வேறு ஊரில் ஒரு நண்பர் வீட்டிலும், இணையச் சேமிப்பிலும் இருக்கட்டும்.

அச்சகத்துக்காரர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சரி, "இங்கதான கெடக்கு" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் கட்டப் போகும்போது பென்டிரைவைக் கொண்டுபோங்கள். அங்கேயே செருகி, திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு பணத்தை எண்ணுங்கள்.