ஃபீடர் நின்றால் முதலில் சக்கரத்தைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

மோல்டரில் மரச்சட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது, நின்ற இடத்தைக் கட்டர் கருக்கிவிடுகிறது, நாளை மெக்கானிக் வந்து, மரத்தைத் தள்ளிக் கொடுக்கும் ஃபீடரின் கியர்பாக்ஸைத் திறக்கப் போகிறார் என்று சொன்னாய். ஒரு நாள் தள்ளிப் போடச் சொல். பழுதே இல்லாத கியர்பாக்ஸ்களைத் திறந்து பார்ப்பது நம் பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டது. திறந்ததை எண்ணெய் கசியாமல் மறுபடி மூடுவது லேசான வேலை இல்லை.

நீ பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மரம் நிற்கும்போது ஃபீடரின் சக்கரம் சுற்றுகிறதா, அதுவும் நின்றுவிடுகிறதா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கவாட்டிலும் நடு இரும்பிலிருந்து ரப்பரின் ஓரம்வரை சாக்பீஸால் நேராக ஒரு கோடு போடு. பிறகு ஓட்டிப் பார். மரம் நின்றால் கையால் தள்ளாதே. மரம் வரும் நேர்க்கோட்டில் நிற்காதே. கட்டர் அதைப் பின்னுக்கு வீசி எறியலாம். கட்டரையும் ஃபீடரையும் நிறுத்து. கட்டர் முழுதாக ஓயும்வரை ஃபீடரைத் தூக்காதே. அப்புறம் கோடுகளைப் பார். இரும்பில் ஒரு இடத்திலும் ரப்பரில் வேறொரு இடத்திலும் கோடு விலகி நின்றால், ரப்பர் இரும்பை விட்டுக் கழன்றுவிட்டது. அந்தச் சக்கரத்தை மாற்றினால் போதும்.

கோடு முறியாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, மரம் மட்டும் நின்றதா? அப்படியானால் பிடிமானம் போதவில்லை. பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. ரப்பரை விரலால் தடவிப் பார். தேக்கின் எண்ணெயும் தூளும் சேர்ந்து கண்ணாடிபோல வழுவழுப்பாகப் படிந்திருக்கும். 80 நம்பர் உப்புத்தாளால் அந்தத் தோலைச் சுரண்டி எடு. தின்னரோ பெட்ரோலோ தொடவே கூடாது, ரப்பர் உப்பிவிடும். நகத்தால் அழுத்தினால் துளியும் அமுங்காத ரப்பர் கெட்டியாகிவிட்டது, தேய்த்துப் பயனில்லை.

அடுத்தது அழுத்தம். மரத்தை உள்ளே விடாத நிலையில், மரத்தின் கனத்தைவிடச் சுமார் 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்வாகச் சக்கரம் நிற்க வேண்டும். மரம் நுழையும்போது சக்கரம் அந்த அளவுக்கு மேலே ஏறும், ஸ்பிரிங் மரத்தைக் கீழே அமுக்கும். சரியாக வைத்தும் கொஞ்சம் சட்டங்கள் ஓடியபின் வழுக்க ஆரம்பித்தால், ஃபீடரைத் தாங்கும் கம்பத்திலும் கையிலும் உள்ள இறுக்கும் பிடிகளைச் சோதித்துப் பார். பிடி தளர்ந்தால் அதிர்வில் ஃபீடரே மெல்ல மேலே ஏறிவிடும். கனம் ஒரே சீராக இழைக்காத சட்டமும் இப்படித்தான் செய்யும், ஒல்லியான இடம் வந்ததும் நிற்கும்.

மேஜையையும் மறக்காதே. பிசின் ஒட்டிய இரும்பில் எந்த ஃபீடரும் திணறும். துடைத்துவிட்டு மெழுகு தேய். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், மரத்தில் ஒட்டிக்கொண்டு பின்னால் பாலிஷைக் கெடுக்கும். கட்டர் மழுங்கியிருந்தாலும் பழி ஃபீடர் மேல்தான் விழும். ஒரே தடவையில் ஆழமாக வெட்டாமல் இரண்டு தடவையாக எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

மரம் ஓடுகிறது, ஆனால் ஃபென்ஸை விட்டு விலகுகிறது என்றால் கோளாறு ஃபீடரின் கோணத்தில் இருக்கிறது. மரம் வெளியேறும் பக்கம், நுழையும் பக்கத்தைவிடச் சில மில்லிமீட்டர் ஃபென்ஸுக்கு நெருங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் மரத்தை முன்னே தள்ளும்போதே ஃபென்ஸோடும் சேர்த்து அணைக்கும். கோணத்தைக் கூட்டிவிட்டாலோ, மரம் ஃபென்ஸில் உரசி அங்கேயே சிக்கும்.

சரி, சக்கரமே நின்றுவிடுகிறதா? காதைக் கொடு. மோட்டார் உறுமுகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால், மூன்று ஃபேஸில் ஒன்று வராமல் இருக்கலாம். சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக இருந்தால் கெபாசிட்டரைச் சந்தேகப்படு. உடனே அணைத்துவிடு, உறுமவிட்டால் காயில் எரிந்துவிடும். சத்தமே இல்லையென்றால் ஓவர்லோடு ரிலே விழுந்திருக்கலாம். ஒயரிங் மாற்றியதும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதென்றால் இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கிறது. இவையெல்லாம் எலக்ட்ரீசியன் வேலை, நீ மூடியைத் திறக்காதே.

மோட்டார் நன்றாக ஓடியும் சக்கரம் நிற்கிறதென்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் எண்ணெய் திருகை மட்டும் கழற்றி, கொஞ்சம் எண்ணெயை வெள்ளைத் துணியில் விடு. பல ஃபீடர்களில் உள்ளிருக்கும் வார்ம் வீல் வெண்கலம். அது தேய்ந்தால் எண்ணெயில் பொன்னிறத் தூள் மின்னும். மின்னினால் மெக்கானிக் வரட்டும். சக்கரங்களில் ஒன்று மட்டும் நிற்கிறது, மற்றவை ஓடுகின்றன என்றால், அதன் சாவியோ செயினோ போயிருக்கும். அதை மட்டும் பார்க்கச் சொல்.

நாளைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. எந்தச் சக்கரம் நின்றது, என்ன மரம், எந்த வேகத்தில் ஓட்டினாய், கோடு முறிந்ததா என்று எல்லாம் சொல். அதைப் படித்துவிட்டு மேற்கொண்டு என்ன செய்யலாமென்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்